2024-இன் சிறந்த ரெஸ்லர் யார்? என் ஓட்டு ட்ரூ மெக்கின்டயருக்கு

#1 மேல்கயிறு

டிசம்பர் 28-ஆம் தேதி ஏஇடபிள்யூ கம்பெனியின் வேர்ல்ட்ஸ் எண்ட் ஷோ முடிந்தது. இந்த வருடக் கணக்கில் சேர்க்க இனிப் பெரிய ஷோ எதுவும் இல்லை. அதனால் என் பட்டியலைப் போடுகிறேன். கல்லெறிய நினைப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டு எறியவும்.

ஆண்டின் சிறந்த ரெஸ்லர்: டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் ட்ரூ மெக்கின்டயர்.

ஆஸ்ப்ரே எங்கே, கோடி எங்கே, குந்தர் எங்கே என்று கேட்பீர்கள். ரிங்குக்குள் யார் கெட்டிக்காரர் என்று மட்டும் பார்த்தால் நானும் ஏஇடபிள்யூவின் வில் ஆஸ்ப்ரேயைத்தான் சொல்வேன். ஆனால் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை, அடுத்த வாரம் இந்த ஆள் என்ன செய்யப் போகிறான் என்று என்னைக் காத்திருக்க வைத்தது ட்ரூ ஒருவர்தான்.

கதை ஒரு நிஜக் காயத்தில் ஆரம்பித்தது. ஜனவரி 27, ராயல் ரம்பிள். ட்ரூ போட்ட ஃப்யூச்சர் ஷாக் டிடிடி என்ற மூவில் சிஎம் பங்க்குக்கு ட்ரைசெப்ஸ் கிழிந்தது. அந்தக் கம்பெனியின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா அவருக்குக் கைநழுவிப் போனது. மற்றவர்களாக இருந்தால் ஒரு வரியில் தொட்டுவிட்டு அடுத்த ஆளோடு சண்டையைத் தொடங்கியிருப்பார்கள். ட்ரூ அதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். பங்க்கைக் கிண்டல் செய்து டி-ஷர்ட், எக்ஸ் தளத்தில் நாள்தோறும் சீண்டல், மைக் கிடைத்தால் அதே பேச்சு. எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறாரா, மனதில் உள்ளதைக் கொட்டுகிறாரா என்று பல வாரம் எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பெர்த் எலிமினேஷன் சேம்பரில் ஜெயித்தார். ரெசில்மேனியா 40-இன் இரண்டாம் நாள், முதல் மேட்சிலேயே சேத் ராலின்ஸை வீழ்த்தி வேர்ல்ட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வர்ணனை மேசையில் உட்கார்ந்திருந்த பங்க்கிடம் போய் வம்பிழுத்தார். பங்க் காலை வாரிவிட்டு, கையில் மாட்டியிருந்த பிரேஸாலேயே அடித்தார். டேமியன் ப்ரீஸ்ட் மணி இன் தி பேங்க் பெட்டியோடு (எப்போது வேண்டுமானாலும் சாம்பியனுக்குச் சவால் விடும் உரிமை) ஓடி வந்தார். ஆறு நிமிடம்கூட நிற்கவில்லை அந்தச் சாம்பியன்ஷிப்.

ஜூன் 15, கிளாஸ்கோ. சொந்த நாட்டு ஜனங்கள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். ப்ரீஸ்டின் தோள் தரையில் இருக்கிறது. நடுவர் சட்டை போட்டுக்கொண்டு வந்த பங்க் மூன்றாவது எண்ணிக்கையை எண்ண மறுத்துவிட்டார். ஜூலை 6, டொராண்டோ. மணி இன் தி பேங்க் பெட்டியை ட்ரூ ஜெயித்தார்; அன்றிரவே கேஷ்-இன் செய்யப் போனார், அதாவது அந்த உரிமையைப் பயன்படுத்தப் போனார்; மறுபடி பங்க்; பெட்டியும் போச்சு. ஜெயித்ததெல்லாம் அன்றைக்கே கையை விட்டுப் போவது மாதிரி ஒரு வருடத்தை யாருக்காவது எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் கோமாளியாகியிருப்பார்கள். ட்ரூவுக்கு ஒவ்வொரு தோல்விக்கும் மதிப்பு கூடியது. காரணம், அவருக்கு அவர் பக்கம் நியாயம் இருந்தது. டைட்டிலைக் கெடுத்தது பங்க்தானே? ஹீல் (வில்லன்) சொல்வதில் பாதியாவது உண்மையாக இருந்தால்தான் கதை கடிக்கும்.

சிகாகோவில் பங்க்கை ரத்தம் வர அடித்து, மனைவி பெயரும் நாயின் பெயரும் கோத்த மணிக்காப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாரே, அங்கிருந்து மூன்று மேட்ச். சம்மர்ஸ்லாமில் சேத் நடுவர், ட்ரூ வெற்றி. பெர்லினில் ஸ்ட்ராப் மேட்ச், பங்க் வெற்றி. அக்டோபர் 5 அட்லாண்டா பேட் பிளட்டில் ஹெல் இன் எ செல் கூண்டு மேட்ச், பங்க் வெற்றி. ஒரு மணிக்காப்புக்காக இரண்டு வளர்ந்த ஆண்கள் இப்படி அடித்துக்கொண்டதை நான் நம்பினேன். பெல்ட்டே இல்லாத சண்டைதான் அந்தக் கம்பெனியின் இந்த வருடச் சிறந்த சண்டை.

மற்றவை சுருக்கமாக:

சிறந்த மேட்ச்: ஆஸ்ப்ரே – பிரையன் டேனியல்சன், ஏஇடபிள்யூ டைனஸ்டி, ஏப்ரல் 21.

சிறந்த தருணம்: வெம்ப்ளியில் டேனியல்சன் பெல்ட் வாங்கியது.

சிறந்த ஷோ: ரெசில்மேனியா 40, இரண்டாம் நாள் மட்டும்.

பெண்களில் சிறந்தவர்: லிவ் மோர்கன்.

சிறந்த டேக் டீம் (இருவர் அணி): மோட்டார் சிட்டி மெஷின் கன்ஸ். அக்டோபரில் வந்து ஒரே வாரத்தில் பெல்ட்டைத் தூக்கினார்கள். டேக் பிரிவு அவ்வளவு வறண்டு கிடந்தது என்றும் இதைப் படித்துக்கொள்ளலாம்.

#2 மூன்றெண்ணிக்கை

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது நண்பரே. ரிங்குக்குள் ஆஸ்ப்ரேதான் கெட்டிக்காரர் என்று எழுதிவிட்டு ஓட்டை வேறு ஆளுக்குப் போடுகிறீர்கள். ரெஸ்லிங்கில் ரிங்குக்குள் நடப்பதை ஒதுக்கிவிட்டு வேறு எதை வைத்து மார்க் போடுவது? டி-ஷர்ட்டை வைத்தா?

ஆஸ்ப்ரே பிப்ரவரியில் ஜப்பானியக் கம்பெனியான நியூ ஜப்பானில் கடைசி மேட்சை முடித்தார். மார்ச் 3 ரெவல்யூஷனில் டகேஷிடாவோடு. ஏப்ரலில் டேனியல்சன். ஜூன் 30 ஃபார்பிடன் டோரில் ஸ்வெர்வ். ஜூலையில் டைனமைட் 250-ஆவது எபிசோடில் எம்ஜேஎஃப்போடு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பிறகு வெம்ப்ளி, பேக், ரிகோஷே, ஃபுல் கியரில் கைல் ஃப்ளெட்சர், கடைசியாக இரண்டு நாளுக்கு முன்னால் ஒரே இரவில் ஃப்ளெட்சரும் ஒகாடாவும். இதில் ஒன்றுகூட 'சுமார்' என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் லீவு போட்டால்கூட ட்ரூவைவிட அதிக நல்ல மேட்ச் அவர் கணக்கில் இருக்கும்.

#3 மேல்கயிறு

மூன்றெண்ணிக்கை, நல்ல மேட்ச்களை எண்ணி வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதென்றால் பட்டியலே தேவையில்லை, கால்குலேட்டர் போதும். நீங்கள் சொன்ன மேட்ச் அத்தனையும் எனக்கும் பிடித்தவை. ஆனால் செப்டம்பரில் ஆல் அவுட்டில் பேக்கோடு மோதினாரே, எதற்காக மோதினார்கள்? இன்டர்நேஷனல் பெல்ட் என்பதைத் தவிர ஒரு காரணம் சொல்லுங்கள். பிரமாதமான மேட்ச். மறுநாள் காலையில் நான் யோசித்துக்கொண்டிருந்தது ஸ்வெர்வையும் ஹேங்மேனையும் பற்றித்தான்.

#4 மூன்றெண்ணிக்கை

காரணம் கேட்டீர்களே, ஆஸ்ப்ரேக்கு இந்த வருடம் ஓடிய கதையை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று படுகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

டைனஸ்டியில் டேனியல்சனை டைகர் டிரைவர் 91 போட்டுக் கவிழ்த்தார். தலையும் கழுத்தும் நேராகத் தரையில் இறங்கும் மூவ் அது. டேனியல்சன் அசையாமல் கிடக்க, ஜெயித்த ஆளின் முகத்தில் சிரிப்பே இல்லை. அதன் பிறகு அந்த மூவைப் போடுவதற்கே அவர் கை தயங்கியது. எம்ஜேஎஃப்போடு நடந்த மேட்சில் போடும் வாய்ப்பு வந்தும் விட்டுவிட்டார். நேரம் முடியச் சில நொடிகளே இருந்தபோது எம்ஜேஎஃப் மோதிரத்தால் அடித்து பெல்ட்டைக் கொண்டு போனார். ஆகஸ்ட் 25 வெம்ப்ளியில், சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால், அதே ஆளுக்கு அதே மூவைப் போட்டு பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். மேட்சை முடிக்கும் ஒரு மூவை (ஃபினிஷரை) வைத்துக்கொண்டு நான்கு மாதக் கதை. வாயால் சொல்லாமல் மேட்ச்சுக்குள்ளேயே சொன்ன கதை. டி-ஷர்ட் தேவைப்படவில்லை.

#5 கூண்டுச்சாவி

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இருங்கள். இடையில் ஒருவர் ஹேங்மேன் பெயரைச் சொன்னதால் நானும் உள்ளே வருகிறேன்.

மேல்கயிறு சொன்ன அளவுகோலையே வைத்துக்கொள்வோம்: காரணம், பகை, நம்ப வைப்பது. அந்த அளவுகோலில் முதலிடம் ஸ்வெர்வ் – ஹேங்மேன் சண்டைக்குத்தான் வர வேண்டும், பங்க் – ட்ரூவுக்கு இல்லை. 2023-இல் ஸ்வெர்வ் ஹேங்மேனின் வீட்டுக்குள் புகுந்து குழந்தையின் தொட்டில் வரைக்கும் போனார். அதே ஆளைத்தான் சில மாதம் கழித்து ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். டைனஸ்டியில் சமோவா ஜோவை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனபோது நானும்தான் கத்தினேன். இப்போது ஹேங்மேன் பக்கம் நின்று பாருங்கள். என் வீட்டில் புகுந்தவனை ஊரே கொண்டாடுகிறது, கோபப்படுகிற நான் வில்லன். இந்த வருடம் எழுதப்பட்டதில் இதைவிடக் கசப்பான கதை எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்வெர்வ் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய சிறுவயது வீட்டை ஹேங்மேன் கொளுத்தினார். அப்புறம் செப்டம்பர் 7 ஆல் அவுட் கூண்டு மேட்ச். ஸ்டேப்பிள் கன், காங்கிரீட் கல், கன்னத்தில் ஊசி. எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது, தெரியும். என் அம்மாவுக்குக் காட்ட மாட்டேன். ஆனால் கடைசியில் ஸ்வெர்வ் அசைவில்லாமல் கிடக்க, நடுவர் மேட்சை நிறுத்தியபோது ஹேங்மேன் முகத்தைப் பார்த்தீர்களா? ஜெயித்தும் ஒன்றும் தீரவில்லை என்பது அதில் இருந்தது. மணிக்காப்பு திரும்பக் கிடைத்ததும் பங்க் சிரித்தார். இங்கே திரும்பக் கிடைக்க எதுவுமே மிச்சமில்லை.

என் பட்டியலில் சிறந்த பகை, சிறந்த மேட்ச் இரண்டுமே இதுதான்.

#6 புதுவரவு

வணக்கம். நான் ரெசில்மேனியாவுக்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். ஆறு பேர் எழுதிவிட்டீர்களோ என்னவோ, கோடி ரோட்ஸுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை! 1,316 நாள் சாம்பியனாக இருந்த ரோமன் ரெயின்ஸை வீழ்த்தியவர் அவர். அதற்குப் பிறகு ஒரு மேட்ச்கூட டைட்டிலை விடவில்லை. சாம்பியன் என்பதே போதாதா?

அப்புறம் சாமி ஜெய்ன் குந்தரை வீழ்த்தியது? 666 நாள் இன்டர்கான்டினென்டல் சாம்பியனை? என்னை உள்ளே இழுத்ததே அந்த மேட்ச்தான்.

#7 பழையரிங்கு

புதுவரவு, கேள்வி நியாயமானது. கோடியைப் பற்றி இரண்டு வார்த்தை.

கோடியின் வருடத்தை ஏப்ரலோடு நிறுத்தினால் அவர்தான் நம்பர் ஒன். அதுவும் அவர் செய்ததைவிட ஜனங்கள் செய்தது அதிகம். பிப்ரவரி 2 ஸ்மாக்டவுனில் ரெசில்மேனியா இடத்தை ராக்குக்கு விட்டுக்கொடுப்பது மாதிரி காட்டினார்கள். இணையம் முழுக்க, அரங்கம் முழுக்க, கோடிதான் வேண்டும் என்ற ஒரே கூச்சல். ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 8 லாஸ் வேகஸ் நிகழ்ச்சியில், திட்டம் திரும்பியது. ராக் கோடியை அறைந்தார், ஹீல் ஆனார். அந்த ஹீல் ராக் இல்லாவிட்டால் மேனியா 40 பாதி ருசிதான். மார்ச்சில் சிகாகோவில் கொட்டும் மழையில் கோடியை ரத்தம் வர அடித்தாரே, அந்தக் காட்சியை நான் இன்னும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

மேனியா இரண்டாம் நாள் கடைசி மேட்ச்சை ரெஸ்லிங் என்று சொல்வதைவிடத் திருவிழா என்று சொல்லலாம். ஜிம்மி, ஜே, சோலோ, சீனா, ராக், பழைய ஷீல்டு குழு உடையில் சேத், அண்டர்டேக்கர். நானெல்லாம் பெருசாக ரன்-இன் (மேட்ச் நடுவில் வெளி ஆள் ஓடி வருவது) விரும்பி இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு ஆள் வரும்போதும் எழுந்து நின்றேன். நாலு வருஷக் கதைக்கு அப்படி ஒரு முடிவு வேண்டியிருந்தது.

ஆனால் மே மாதத்திலிருந்து கோடி நல்ல சாம்பியன், அவ்வளவுதான். ஏஜே ஸ்டைல்ஸ், லோகன் பால், சோலோ என்று வரிசையாக மோதினார், ஜெயித்தார். அக்டோபரில் கெவின் ஓவன்ஸ் வாகன நிறுத்துமிடத்தில் வைத்து அடித்த பிறகுதான் மறுபடி சூடு பிடித்தது. நடுவில் கதையைச் சுமந்தது ட்ரூவும் பிளட்லைன் குழுவும்தான். ஆகவே கோடிக்கு 'சிறந்த ரெஸ்லர்' கிடையாது, 'சிறந்த தருணம்' உண்டு. மேல்கயிறு அதை வெம்ப்ளிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம்.

குந்தரைப் பற்றி: சாமியிடம் தோற்ற விதமும் அழகு, ஆகஸ்டில் ப்ரீஸ்டிடம் வேர்ல்ட் டைட்டிலை வாங்கியதும் சரி. அதற்குப் பிறகு அவரை நம்பத் தெரியாமல் எழுதினார்கள். 666 நாள் அசையாத மலையைத் திடீரென்று தன்மேலேயே சந்தேகப்படும் ஆளாக்கினால் எப்படி?

#8 டோக்கியோ கடைசி வரிசை

எல்லாம் சரி, ஏழு பதிவு ஓடிவிட்டது, பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஸாக் சேபர் ஜூனியர். ஆகஸ்ட் 18, டோக்கியோவின் ரியோகோகு அரங்கம், நியூ ஜப்பானின் ஆண்டுத் தொடரான ஜி1 கிளைமாக்ஸ் இறுதியில் யோட்டா சுஜியை வென்றார். ஜப்பானியர் அல்லாத ஒருவர் ஜி1-ஐ வெல்வது 2016-இல் கென்னி ஒமேகாவுக்கு அப்புறம் இப்போதுதான். அக்டோபர் 14, அதே ரியோகோகுவில் நைட்டோவை வென்று அந்தக் கம்பெனியின் ஐடபிள்யூஜிபி உலக சாம்பியன். ஒகாடா கிளம்பினார், ஆஸ்ப்ரே கிளம்பினார், நைட்டோவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்தக் கம்பெனியின் தலைக்கு மேல் கூரை இல்லாத வருடத்தில், கையையும் காலையும் முறுக்கி மட்டுமே ஜெயிக்கிற ஒரு ஒல்லி ஆள் அதைத் தாங்கிப் பிடித்தார். டேபிள் இல்லை, ரத்தம் இல்லை, டி-ஷர்ட் சண்டை இல்லை. அவர் சாம்பியனான அதே இரவில்தான் தனஹாஷி 2026 ஜனவரி 4-இல் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். ஒரே இரவில் ஒரு தலைமுறைக்கு விடை, இன்னொருவருக்குக் கிரீடம்.

சேபர் வருகிற ஜனவரி 4-ஆம் தேதி டோக்கியோ டோமில் உமினோவோடு மோதுகிறார். அதையாவது பாருங்கள், பிறகு பேசலாம்.

#9 மேல்கயிறு

டோக்கியோ, சேபரின் ஜி1 முழுவதும் பார்த்தேன். எனக்கும் பிடித்த ஆள். ஆனால் நீங்கள் எழுதியதையே பாருங்கள்: எல்லோரும் போன வீட்டைத் தாங்கிப் பிடித்தார் என்கிறீர்கள். போட்டி குறைந்த வருடத்தில் வந்த கிரீடம் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? சென்ற வருடத்து ஒகாடாவையும் ஆஸ்ப்ரேயையும் தாண்டி இதே ஜி1-ஐ ஜெயித்திருந்தால் நான் இரண்டாம் யோசனை இல்லாமல் ஓட்டுப் போட்டிருப்பேன்.

கூண்டுச்சாவிக்கு: அந்தக் கூண்டு மேட்ச்சை நான் ஒரு முறைதான் பார்த்தேன், இனிப் பார்க்க மாட்டேன். கதை உயரத்தில் இருந்தது, ஊசி என்னைக் கீழே இறக்கிவிட்டது. வெறுப்பைக் காட்ட ஆயுதங்களை அடுக்க அடுக்க, அந்த முகத்தைப் பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை. அட்லாண்டா செல்லிலும் ரத்தம் ஆறாக ஓடியதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இரண்டு பேரும் மூச்சு வாங்க இடம் இருந்தது. இன்னொரு விஷயம், 1997-இல் முதல் ஹெல் இன் எ செல் நடந்ததும் அதே அக்டோபர் 5-ஆம் தேதி, அதே பேட் பிளட் பெயரில்தான். ஷான் மைக்கேல்ஸும் அண்டர்டேக்கரும். பல வருடமாக அந்தக் கூண்டைக் காலண்டரில் மாதம் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தார்கள், பகை இருக்கிறதோ இல்லையோ. இந்த முறை பகை இருந்ததால் கூண்டு வந்தது.

#10 கூண்டுச்சாவி

ரத்தம் ஆறாக ஓடினால் பரவாயில்லை, ஊசி மட்டும் கூடாது. எங்கே கோடு போடுகிறீர்கள் என்று புரிந்துகொள்ள முயல்கிறேன்.

#11 மேல்கயிறு

கன்னத்துக்கு மேலே போடுகிறேன்.

#12 திரைச்சீலை

பெண்கள் பிரிவுக்கு ஒரே ஒரு வரி! அதுவும் லிவ் மோர்கனுக்கு!

லிவ்வைக் குறை சொல்லவில்லை. ரியாவைக் காயப்படுத்தி டைட்டிலைத் துறக்க வைத்தது, மே மாதம் பெக்கியிடம் பெல்ட் வாங்கியது, சம்மர்ஸ்லாமில் டொமினிக் ரியாவை விட்டு லிவ்வோடு போய்ச் சேர்ந்தது. அந்த முத்தத்துக்கு அரங்கத்தில் எழுந்த கூச்சலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைட்டில் மேட்ச்சுக்கு மேட்ச் டொமினிக்கின் தயவில்தான் அவர் தப்பித்தார். லிவ்வின் சாம்பியன்ஷிப் பாதி டொமினிக்கின் கதை.

டோனி ஸ்டார்மைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்து நடிகை என்று ஒரு வேஷம். காகிதத்தில் படித்தால் இரண்டு வாரம் தாங்காது என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியது மட்டுமல்ல, அதற்குள் ஒரு முழு நாடகத்தையே ஓட்டினார். காலடியில் இருந்து கற்றுக்கொள்ள வந்த ரசிகை மரையா மே. மெதுவாக அவரைப் போலவே உடை, அவரைப் போலவே நடை. ஜூலை 10-ஆம் தேதி ஓவன் ஹார்ட் கோப்பையை மரையா ஜெயிக்கிறார், டோனி பெருமையோடு கட்டிப்பிடிக்கிறார், அடுத்த நிமிடம் செருப்புக் குதிகாலால் அடி. டோனியின் முகத்தில் ரத்தம். வெம்ப்ளியில் பெல்ட்டும் போனது. முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்த துரோகம். வந்தபோது எல்லோரும் அதிர்ந்தோம். தெரிந்தே அதிர வைப்பது சும்மா வருகிற திறமை இல்லை.

மெர்சிடிஸ் மொனேயைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் தனி இழை வேண்டும், இங்கே வேண்டாம்.

#13 புதுவரவு

டிஃபனி ஸ்ட்ராட்டனின் மணி இன் தி பேங்க் பெட்டி ஜூலையிலிருந்து அப்படியே இருக்கிறதே, எப்போதுதான் திறப்பார்?

#14 திரைச்சீலை

சாம்பியன் நயா ஜாக்ஸ் திரும்பிப் பார்க்காத ஒரு நாளில். அநேகமாகச் சீக்கிரம்.

#15 பழையரிங்கு

சிறந்த தருணத்துக்கு வருகிறேன், அதை விடுவதாக இல்லை. மேல்கயிறு வெம்ப்ளி என்கிறார். நான் மேனியா என்றேன். ஆனால் யாருமே மார்ச் 3 கிரீன்ஸ்பரோவைச் சொல்லாதது ஆச்சரியம். ஸ்டிங்கின் கடைசி மேட்ச்.

64 வயது. 1988-இல் முதல் கிளாஷ் ஆஃப் தி சாம்பியன்ஸில் ரிக் ஃப்ளேரோடு 45 நிமிடம் சமன் செய்து அவர் பெயர் வாங்கியது அதே கிரீன்ஸ்பரோ அரங்கில். அங்கேயே கடைசியாக. இரண்டு மகன்களும் பழைய ஸ்டிங் வேஷங்களில் வந்து யங் பக்ஸை அடித்தார்கள். டார்பி ஆலின் ஏணி உச்சியிலிருந்து குதித்துக் கண்ணாடியில் விழுந்து முதுகைக் கிழித்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு யாராவது படிக்கட்டைக் காட்டுங்கள். கடைசியில் ஸ்கார்பியன் டெத்லாக் பிடி, டேப் அவுட் (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது), பெல்ட்டோடு ஓய்வு. ஏஇடபிள்யூவில் ஒரு மேட்ச்சும் தோற்கவில்லை.

ரெஸ்லர்கள் ஓய்வு பெறுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நாலு முறை ஓய்வு பெறுவார்கள், நாலு முறை திரும்பி வருவார்கள். காலும் முதுகும் போன பிறகும் விடமாட்டார்கள். 2015-இல் கழுத்துக் காயத்தோடு அவர் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். முடிவைத் தானே தேர்ந்தெடுத்து, அதை ஒழுங்காகச் செய்துகொண்டு போன ஒரு மனிதர் என்பதாலேயே என் ஓட்டு.

இதே வருடம் பழைய ரெஸ்லர்கள் சிட்டும், ஆனோவாய் குடும்பத்தின் அஃபாவும் சிகாவும் காலமாகிவிட்டார்கள். பெயரையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

#16 மேல்கயிறு

ஸ்டிங் அருமை, மறுக்கவில்லை. வெம்ப்ளியை ஏன் மேலே வைத்தேன் என்று மட்டும் சொல்கிறேன். தோற்றால் முழுநேர ரெஸ்லிங்குக்கு முழுக்கு என்ற நிபந்தனையோடு டேனியல்சன் ஸ்வெர்வை எதிர்கொண்டார். ரிங் ஓரத்தில் மனைவியும் குழந்தைகளும். மருத்துவர்கள் ஒருமுறை ஓய்வு கொடுத்தே அனுப்பிவிட்ட மனிதர் அவர். அந்தக் கழுத்தை ஸ்வெர்வ் குறிவைக்கும் ஒவ்வொரு முறையும் கேமரா குடும்பத்தின் பக்கம் திரும்பியது. மலிவான தந்திரம்தான். வேலை செய்தது. லெபெல் லாக் பிடியில் ஸ்வெர்வ் டேப் அடித்தபோது, இவர் ஜெயித்தாரே என்ற சந்தோஷத்தோடு, இனியும் அடி வாங்குவாரே என்ற பயமும் சேர்ந்து வந்தது. கோடி ஜெயித்தபோது எனக்கு வெறும் சந்தோஷம் மட்டுமே.

அந்தப் பயம் வீண் போகவில்லை. இரண்டே வாரத்தில் மாக்ஸ்லியும் கிளாடியோவும் பிளாஸ்டிக் பையால் முகத்தை மூடினார்கள். அக்டோபர் 12 டகோமாவில் பெல்ட்டும் போய், முழுநேர வாழ்க்கையும் முடிந்தது. மாக்ஸ்லியின் அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு என்னைத் தூங்க வைத்தது வேறு விஷயம். பெல்ட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு யாரைப் பயமுறுத்துகிறார்கள் என்று தெரியவில்லை.

#17 மூன்றெண்ணிக்கை

ஆக, உங்கள் சிறந்த மேட்ச்சில் ஆஸ்ப்ரே, டேனியல்சன். சிறந்த தருணத்தில் டேனியல்சன். சிறந்த ரெஸ்லர் மட்டும் ட்ரூ. உங்கள் பட்டியலே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

#18 மேல்கயிறு

சொல்லட்டும். ஒரு நாள் ராத்திரி யார் உச்சத்தைத் தொட்டார் என்பது ஒரு கேள்வி. பெரிய ஷோ இல்லாத, யாரும் கிளிப் எடுத்துப் போடாத சாதாரண வாரங்களில் யாருக்காக டிவியைப் போட்டேன் என்பது இன்னொன்று. ஆஸ்ப்ரேயின் டைனமைட் வாரங்களில் எத்தனை உங்களுக்கு ஞாபகம் இருக்கின்றன? ட்ரூ பெர்லினில் தோற்ற மறு திங்கள், பங்க் மணிக்காப்போடு ரிங்கில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து அடித்து, அந்த மணிகளைச் சிதறடித்தாரே, அது வெறும் வாராந்திர ராவ் எபிசோடு.

டிசம்பரில் சாட்டர்டே நைட்ஸ் மெயின் ஈவண்டில் சாமியை வீழ்த்தித் திரும்பவும் தொடங்கிவிட்டார். 2025 ஜனவரி 6 முதல் ராவ் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போகிறது. முதல் வாரமே அவர் இருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பெண்கள் பிரிவில் திரைச்சீலை பேச்சு எனக்குச் சரியாகப் படுகிறது. டோனி ஸ்டார்ம் பெயரை மேலே ஏற்றுகிறேன், லிவ் இரண்டாவது. டோக்கியோவுக்காகச் சேபரை முதல் ஐந்தில் சேர்த்தாயிற்று: ட்ரூ, ஆஸ்ப்ரே, டேனியல்சன், சேபர், ஸ்வெர்வ்.

#19 கூண்டுச்சாவி

ஹேங்மேன்?

#20 மேல்கயிறு

ஆறாவது. ஊசிக்கு அபராதம்.

#21 இரும்புநாற்காலி

இப்போதுதான் முழு இழையையும் படித்து முடித்தேன். பிரான்ஸ் பேக்லாஷ் கூட்டத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. லியோனில் அன்றைக்கு ஜனங்கள் பாடிய பாட்டுக்கே ஒரு விருது தரலாம். அதைவிடப் பெரிய அநியாயம்: சம்மர்ஸ்லாமுக்கு இரண்டு நாள் கழித்து ராவில் ப்ரான்சன் ரீட், சேத் ராலின்ஸ் மேல் மேல்கயிற்றிலிருந்து விழுந்து விழுந்து ஆறு சுனாமி போட்டார். ஆறு! மூன்றாவதிலேயே நான் போதும் என்று கத்திவிட்டேன். அந்த ஒரு திங்கட்கிழமையில் ஒரு ஆள் நடுவரிசையிலிருந்து மெயின் ஈவண்டுக்கு வந்தார். இதற்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லையா? அவ்வளவு பெயர் வைத்துக்கொண்டு மேல்கயிறு என்கிறீர்களே.

#22 மேல்கயிறு

'சிறந்த அடி' என்று புதுப் பிரிவு திறந்தாயிற்று. முதலிடம் ரீட், ஆறு சுனாமி. இரண்டாம் இடத்துக்கு ஜேகப் ஃபாட்டு எதை உடைத்தார் என்று யாராவது ஒழுங்காகப் பட்டியல் போட்டுக் கொடுங்கள், நாளைக்குள் சேர்த்துவிடுகிறேன்.